வீடு தேடி வந்த வைன்

நான்கு பெட்டிகளும் வின்சன்றின் வைன் கடைக்கு வந்து ஆறு நாளாகிவிட்டது. எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை.

ஜெர்மனியின் வால்டோர்ஃபில் வைன் கடை வைத்திருப்பவன் பார்சலுக்கும் பொறுப்பாயிருப்பதைப்போல வயிற்றெரிச்சல் வேறில்லை. வீட்டில் ஆளில்லாவிட்டால் விநியோகக்காரன் பெட்டியை இங்கே இறக்கிவிட்டுப் போவான். எடுக்க வருபவர்கள் தன் கடையிலும் ஒரு போத்தல் வாங்கமாட்டார்களா என்ற நப்பாசையில் வின்சன்ற் ஒப்புக்கொண்ட வேலை இது. வருவதெல்லாம் அடுத்தவன் வைன். இந்த நான்கும் போர்த்துக்கலிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரன் நேரே அனுப்பியவை. ஏ. சூசைப்பிள்ளை என்று ஒட்டியிருந்தது.

தமிழ்ப் பெயர்தான். ஆனால் ஜெர்மனிக்கு வந்தபோது தகப்பன் பெயரெல்லாம் குடும்பப் பெயராகப் பதிவானதில், யாருடைய தகப்பன் சூசைப்பிள்ளை என்று யாருக்குத் தெரியும்? முகவரி நண்பன் றெஜினோல்ட் இருக்கும் அடுக்குமாடி. அங்கே ஆறு தமிழ்க் குடும்பங்கள். வின்சன்ற் அவனுக்கே போன் எடுத்தான்.

“மச்சான், உங்கடை கட்டடத்திலை சூசைப்பிள்ளை எண்டு ஆர்?”

“தெரியேல்லையடா. ஆரும் வராட்டித் திருப்பி அனுப்பிவிடு.”

றெஜினோல்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்தவர்கள், இருபத்தெட்டு வருடப் பழக்கம். வேறு நாட்டுத் தோட்டக்காரர்கள் நேரே வீடுகளுக்கு வைன் அனுப்புவதைச் சட்டம் இன்னும் இலகுவாக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, அப்படி வந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று வின்சன்ற் இடிந்துபோனான். எதிர்த்துக் கையெழுத்துச் சேர்க்கச் சொன்னவனே றெஜினோல்ட்தான். மாதா கோயில் மண்டபத்தில் எழும்பி நின்று, “எங்கடை பிள்ளையளின்ரை முதல் நன்மைக்கும் கலியாணத்துக்கும் வைன் தந்த கடை. நாங்கள் கைவிட ஏலாது” என்று பேசி, பட்டியலில் முதல் ஆளாய் ஒப்பமும் வைத்தான். வின்சன்றுக்குக் கண் கலங்கிவிட்டது.

றெஜினோல்டின் மகளின் கலியாணம் வருகிற சனிக்கிழமை. அதற்கு மட்டும் வைன் கேட்கவில்லை. “மாப்பிள்ளை பகுதி பெந்தகோஸ்து, தொடமாட்டினம்” என்றிருந்தான். அதையும் வின்சன்ற் நம்பினான்.

அன்று பின்னேரம் கையெழுத்துத் தாள்களை உறையில் போட எடுத்தான். எல்லோரும் அவுஸ்வைஸ் என்கிற அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் எழுதியிருந்தார்கள். முதல் வரியில் இருந்தது: அன்ரன் றெஜினோல்ட் சூசைப்பிள்ளை.

இத்தனை வருடமும் றெஜினோல்ட் தன் தகப்பனைச் ‘சம்மாட்டியார்’ என்றுதான் சொல்லியிருக்கிறான். ஊரும் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவரை அப்படித்தான் கூப்பிட்டது. சம்மாட்டியாருக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று வின்சன்றுக்கு யோசனை போனதேயில்லை.

வைனை வேறிடத்தில் எடுத்ததைக்கூடப் பொறுக்கலாம். பெற்ற தகப்பன் பெயரையே தெரியாது என்றானே, அதை எப்படிப் பொறுப்பது?

“திருப்பி அனுப்பிவிடுங்கோ. கலியாணத்திலை பச்சைத் தண்ணி குடிக்கட்டும்” என்றாள் மனைவி மக்டலீன்.

வின்சன்ற் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், மூன்றாம் மாடிவரை ஒவ்வொன்றாகச் சுமந்து வைத்துவிட்டு மணியை அடித்தான்.

கதவைத் திறந்த றெஜினோல்டுக்குப் பெட்டிகளைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று.

“உள்ளை வாவன் மச்சான். நான் சொல்லத்தான் இருந்தனான். அந்தப் போர்த்துக்கல்காரன் அரைவாசி விலைக்கு…”

“அவுஸ்வைஸை எடுங்கோ.”

இத்தனை வருடத்தில் வின்சன்ற் அவனுக்கு மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“என்னடா, என்னைத் தெரியாதோ உனக்கு?”

“வைன் குடுக்கேக்கை ஆளையும் வயசையும் பாத்துத்தான் குடுக்கவேணும்.”

றெஜினோல்ட் உள்ளே போய் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். வின்சன்ற் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தான். பிறந்த திகதியையும் பார்த்தான். பிறகு ரசீதையும் பேனையையும் கொடுத்தான். றெஜினோல்ட் தலை நிமிராமல் ஒப்பம் வைத்தான். கடைசியில் நீளமாய் ஒரு வால், பட்டியலில் உள்ள அதே ஒப்பம்.

“இதெண்டாலும் உண்மையான கையெழுத்தோ?” என்று கேட்டுவிட்டு வின்சன்ற் படியிறங்கினான்.