வரகுச் சூடு

1942 தை மாதத்து மழை தூறிக்கொண்டிருக்க, ஈச்சிலம்பற்று விவசாயி கோணாமலை அறுத்த வரகைக் கையோடு அடுக்கிச் சூடு வைத்துக்கொண்டிருந்தார். கதிர்க்கட்டுப் போருக்கு அந்தப் பக்கத்தில் சூடு என்று பெயர். ஜப்பான்காரன் வருவதற்குள் வேலை முடியவேண்டும் என்பது அவர் கணக்கு.

மூதூர் வியாபாரி ஸெய்னுதீன் போருக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"அண்ணே, உள்ளுக்குக் கொதிக்குது. ஈரத்தோட அடுக்கினா பூஞ்சணம் பிடிச்சு மயக்க வரகாப் போயிடும். அவிச்சாலும் நஞ்சு போகாது. பிரிச்சுக் காயப் போடுங்க."

"சூடெண்டா சூடாத்தான் இருக்கும், தம்பி. குளிர்ந்தா அதுக்குக் குளிரெண்டு பேர் வைச்சிருப்பம்."

பங்குனியில் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றது. கோணாமலை சூட்டைப் பிரித்துக் கதிரடித்தார். சிந்தியதைத் தின்ற காகம் ஒன்று பின்பக்கமாகவே வெருகல்வரை பறந்து போனது. அதற்கு வெருகலிலேயே சாட்சி இருந்தது. கோணாமலை நம்பவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்த மறுநாள், அங்கே மூட்டை தூக்கிய மைத்துனன் இராசதுரை ஓடிவந்தான். அவன் அக்கா, கோணாமலையின் மனைவி இரத்தினேஸ்வரி, வரகுக் களி கிண்டினாள். கோணாமலை அவர்களுக்குப் பரிமாறிவிட்டுப் பிறகு தின்னலாம் என்றிருந்ததால் தப்பினார். மற்ற இருவரும் வயிறு நிறையத் தின்றார்கள்.

இரத்தினேஸ்வரி வாந்தியெடுத்து வாசற்படியில் விழுந்தாள். இராசதுரைக்குக் கை நடுங்கியது, கண் செருகியது. பிறகு கத்தியோடு எழும்பினான்.

"ஜப்பான்காரன் வந்திட்டான்," என்றான் சாதாரணமாக.

முதல் வெட்டில் கோணாமலையின் இடது காது களிச்சட்டிக்குள் விழுந்தது. அடுத்த வெட்டில் உழவு மாட்டின் கழுத்து பிளந்தது. மூன்றாவதாக அக்காவின் தலைக்கு மேலே கத்தி ஓங்கியபோது, கோணாமலை உலக்கையால் அவன் தோளில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வீட்டு வளவுக்குக் கேட்டது.

ஸெய்னுதீன் வந்தபோது கோணாமலை காதைப் பொத்திக்கொண்டு மனைவியை மடியில் கிடத்தியிருந்தார்.

"ஜப்பான்காரன் நஞ்சுக் காத்து விட்டிட்டான், தம்பி."

ஸெய்னுதீன் களியை முகர்ந்தார். "அவனுக்கு உங்கட வளவு எங்க எண்டே தெரியாது. இது நீங்க அடுக்கினது."

மறுநாள் மாலைதான் இரத்தினேஸ்வரி கண் திறந்தாள். அதற்குள் நகரத்திலிருந்து ஓடிவந்த சனம் வரகு கேட்டுச் சாக்கோடு வாசலில் நின்றது. கோணாமலை எட்டு மூட்டையையும் முற்றத்தில் கொட்டி, அவர்கள் கண்முன்னே நெருப்பு வைத்தார்.

"பட்டினி கிடக்கிறம், எரிக்கிறியளே, விசரோ?"

"ரெண்டு காது இருக்கேக்க எனக்குக் கேக்கேல்ல. ஒண்டு போனாப் பிறகுதான் கேட்டுது. அறுத்ததைக் காயவிட்டுச் சூடு வையுங்கோ. ஈரத்தோட அடுக்கிறவன் தானியம் அடுக்கேல்ல, வீட்டுச் சனத்துக்குப் பாடை கட்டுறான்."