பீரோ குடியேறிய இடம்

எல்லாரும் பீரோ என்று கூப்பிட்ட சுமைகாரர், குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டியது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து முன்னூறு. அதில் சல்லிக்காசுகூட அவர் கைநீட்டி வாங்கியதில்லை. அத்தனையும் அவர் மிதித்து உடைந்த தரைக்கு. மூன்று தடவை புதுத்தரை போட்டாயிற்று, மூன்றாவது தடவை கம்பி கட்டி கான்கிரீட்டே போட்டார்கள், அதுவும் அப்பளமாக நொறுங்கியது. ஆள் ஒன்றும் பருமன் கிடையாது. சட்டையை மாட்டி வைத்த ஆணி மாதிரி இருப்பார். ஆனால் வேலையை விட்ட மறுவாரத்திலிருந்து, ஆயுசு முழுக்க அவர் சுமந்த சாமான்களின் எடை ஒவ்வொன்றாக அவர் உடம்புக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

வீடு மாற்றுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குவதுதான் அவர் தொழில். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் சாய்த்து மாடி ஏற்றுவார், அதனால் அந்தப் பெயர். மனைவி மட்டும் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, "இந்தாங்க" என்றால் அவருக்குத் தெரியும். சாமானெல்லாம் இறக்கி முடித்த பிறகு வீட்டுக்காரர்கள் டீ கொடுப்பார்கள். அந்த டீயைக் குடித்துக்கொண்டே கேட்காமலே நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவது அவர் பழக்கம். வயதான பிறகு இருப்பதற்கு வீடு பார்க்கிறவன் ஜன்னலைப் பார்த்து மயங்கக் கூடாது, படியைப் பார்க்கணும் என்பார். கட்டிலில் இருந்து கழிவறை வரைக்கும் சுவரைத் தொட்டுக்கொண்டே போக முடியணும், நடுவில் ஒரு எட்டு தூரம்கூட வெறும் காற்றாக இருக்கக் கூடாது. மூச்சு இருக்கும்போது யார் பேருக்கும் வீட்டை எழுதாதே. பாதிச் சாமானைக் கொடுத்துவிட்டுப் போ, கடைசியில் உனக்கு வேண்டியது ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. எத்தனை கிழவன் கிழவிகளை அவர் வீடு மாற்றியிருக்கிறார், எந்த வீட்டுக்குப் போனவர்கள் ஒரே வருஷத்தில் படுத்தார்கள், எந்த வீட்டில் திடமாக நடமாடினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சிலர் சிரித்தார்கள். சிலர் அவர் சொன்னதைக் கேட்டு முன்பணம் கொடுத்த வீட்டையே வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் தன் விஷயத்தில் கோட்டை விட்டார். மகன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறேன், லிஃப்டுக்குக் குழி விட்டிருக்கிறார்கள், சீக்கிரம் மாட்டிவிடுவார்கள், பின்பக்க அறை உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் என்றான். ஊருக்கெல்லாம் படியைப் பார் என்றவர் அன்றைக்குப் படியைப் பார்க்கவில்லை, மகன் முகத்தைப் பார்த்தார். சேர்த்து வைத்ததை எல்லாம் வழித்துக் கொடுத்துவிட்டார். லிஃப்ட் வரவில்லை. அந்தக் குழியில் குழந்தைகள் பந்தைத் தொலைத்துக்கொண்டிருந்தார்கள்.

எடை வந்த முதல் நாள் காலையில் கட்டிலின் நான்கு காலும் தரைக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தன. கட்டில் பழசு, தரையும் பழசு என்று மனைவி சொல்லிக்கொண்டாள். அவருக்குத்தான் தெரிந்தது. இடது தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, இது அந்தப் பல் டாக்டரோட நாற்காலி என்றார். அப்புறம் ஒரு தையல் மெஷின் வந்தது, ஒரு மீன் தொட்டி தண்ணீரோடு வந்தது, ஒரு வக்கீலின் புத்தகங்கள் பத்துப் பெட்டியும் ஒரே மத்தியானத்தில் வந்து சேர்ந்தன. எங்கெங்கே பிடித்துத் தூக்கினாரோ அங்கங்கே லேசாகக் கன்றிப் போகும், அதை வைத்து அவர் அடையாளம் சொல்வார். கூலி வாங்காமல் உதவிக்குத் தூக்கினதும் வருமா என்று மனைவி கேட்டதற்கு, அதுதான் முதலில் வருகிறது என்றார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து வாயுவுக்கு மாத்திரை எழுதினார். கையைப் பிடித்தால் பழைய கைதான், மனைவி அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்ளலாம். எடை கீழ்நோக்கி மட்டும்தான் வேலை செய்தது.

வீட்டின் சொந்தக்காரர் பெயின்ட் கடை வைத்திருந்தவர், கெட்டவர் இல்லை. கத்தவில்லை, வையவில்லை. மூன்றாவது தரையும் போனதும் கணக்கைச் சொன்னார், மாதாமாதம் முடிந்ததைக் கொடுங்கள், வீட்டைக் காலி செய்யுங்கள் என்றார். அந்த மாதக் கடைசியில் பீரோவும் மனைவியும் மகன் வீட்டுக்குப் போனார்கள். அவர் முதல் மாடித் திருப்பத்தில் கால் வைத்ததும் படிக்கட்டில் ஒரு விரிசல் விட்டு, அவருக்கு முன்னாலேயே மேலே ஓடியது. இரண்டாம் மாடியில் குடியிருந்த இன்ஜினியர் பனியனோடு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். பின்பக்க அறைக்கு மனைவி மட்டும் போனாள். கொஞ்ச நாளைக்கு என்றான் மகன்.

அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. பீரோ கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில் இருந்தார். மனைவி நாலாவது மாடி ஜன்னலில் இருந்து கயிற்றில் டிபன் கேரியரை இறக்குவாள், அவர் தின்றுவிட்டுக் கயிற்றை ஆட்டுவார், அவள் இழுத்துக்கொள்வாள். பேசுவதென்றால் தெருவே கேட்கும், அதனால் பேச்சு குறைந்துபோனது. அவளுக்கு முழங்கால் வலி, இறங்கினால் ஏறுவதற்கு ஒரு பொழுது ஆகும். அவர் படுத்து எழுந்த இடமெல்லாம் பள்ளம், மழை பெய்தால் ஆள் அளவுக்குக் குட்டை. குடியிருப்போர் சங்கத்தில் மகனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்கள். மகன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு முதியோர் இல்லங்களுக்கு அலைந்தான். ஒன்றில் பளபளவென்று டைல்ஸ், இன்னொன்றில் மரத் தரை. கடைசியாகப் போனதில் மேனேஜர் வாசல் கேட்டில் இருந்து ஆபீஸ் வரைக்கும் பதிந்திருந்த கால் தடங்களை எட்டிப் பார்த்துவிட்டு, இடம் நிரம்பிவிட்டது என்றார், அம்மாவை மட்டும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மகள் வீடு ஒரு குளத்தை மூடிப் போட்ட மனையில் இருந்தது. அங்கே ஒரு சொம்பு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பீரோ முழங்கால் வரை மண்ணுக்குள் போய்விட்டார், மருமகன் பலகை போட்டு ஏற்றிவிட்டார். திரும்பி வரும் வழியில் மகன் ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "அப்பா, உங்களை எங்க வைக்கிறதுன்னே தெரியலப்பா." பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்த பீரோ, அவன் முதுகைத் தட்டப் போய், பயந்து கையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கட்டடத்துக்குப் பின்னால் புதிதாகக் கொட்டிய மண் இருந்தது. நகராமல் ஒரே இடத்தில் நின்றால் மண்ணே அவரைக் கீழே வாங்கிக்கொள்ளும். வாடகை இல்லை, படி இல்லை, தரை உடையாது, யாருக்கும் தொந்தரவு இல்லை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு வீடு பார்த்துச் சொன்னவர், தனக்குப் பார்த்த வீடு அதுதான். ஒரு மத்தியானம் போய் நின்றார். மனைவி பின்பக்க அறையில் துணி காயப்போட ஜன்னலைத் திறந்தபோது தொடை வரை போயிருந்தார். வழக்கமாகக் கணுக்கால் புதைந்ததுமே காலை மாற்றி வைக்கிறவர், மாற்றி வைக்கவில்லை என்பதை அவள் பார்த்தாள். துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படி இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். வந்து சேரும்போது இடுப்பு வரை ஆகியிருந்தது. மூச்சு வாங்கி முடிக்கும் வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா நிக்கிறேன்."

"நின்னா இறங்குதுன்னு தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

பின்னாடி ரூம் காத்தோட்டமா இருக்குல்ல, நீ இருந்துக்க என்று மட்டும் மெல்லச் சொன்னார். அவள் மண்ணில் உட்கார்ந்தாள், அவர் முகமும் அவள் முகமும் இப்போது ஒரே உயரத்தில் இருந்தன.

"காத்தை என்ன, கட்டிக்கிட்டு அழவா? அந்த ஜன்னல்ல நின்னு உங்க நடு மண்டையைப் பார்த்துப் பார்த்து, உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு எனக்கு. உங்களை எந்த இடம் தாங்குமோ அங்க எனக்கும் ஒரு பாய் போட இடம் இருக்கும். இல்ல, இதுதான் வீடுன்னா சொல்லுங்க, நானும் இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கும் படி ஏற முடியாது."

விஷயம் தெரிந்து ஓடிவந்த மகன் பழைய லாரி டிரைவருக்குப் போன் போட்டான். டிரைவர் பீரோவோடு பாதி வாழ்க்கை ஓடினவர். அக்குளில் கயிறு கட்டி லாரியால் இழுத்து எடுத்தார், எடுத்த கையோடு, "ஏறுண்ணே, இன்னைக்கு வேற லோடு கிடையாது" என்று பலகை சாய்த்தார். பீரோ ஏறியதும் லாரியின் பின்பக்கம் படிந்து, முன்பக்க விளக்கு வானத்தைப் பார்த்தது. மனைவி பாயும் இரண்டு மாற்றுத்துணியும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். மகன் தெருமுனை வரைக்கும் லாரியின் கூடவே ஓடிவந்தான்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கடை. அதன் முற்றத்தில், லோடு ஏற்றிய லாரியை அப்படியே நிறுத்தி எடை பார்க்கிற மேடை ஒன்று சும்மா கிடந்தது. கடைக்காரர் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வைத்த புது மேடை போட்டுவிட்டதால் பழசை யாரும் சீண்டுவதில்லை. விரல் கனத்துக்கு இரும்புத் தகடு, அதற்குக் கீழே பாறை வரை தோண்டிக் கட்டிய கான்கிரீட். லாரியில் இருந்து பீரோ நேராக அதன் மேல் இறங்கினார். தகடு ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுகொண்டது. சுவரில் எடை காட்டுகிற வட்ட முகத்தில் முள் எழுந்து ஆறு டன்னுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. அவர் ஒரு காலைத் தூக்கி வைத்தார், அடுத்த காலைத் தூக்கி வைத்தார். ஒன்றும் இறங்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கே நின்றாலும் காலுக்குக் கீழே ஏதோ உடைகிற சத்தத்தைக் கேட்டுக்கேட்டுப் பழகிய காது, அந்த அமைதியை நம்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு படுத்துத் தூங்கிப்போனார். இடத்தை அடைச்சுக்கிட்டுச் சும்மாதானே கிடக்குது, இருந்துட்டுப் போங்க, காவலுக்கு ஆச்சு என்றார் கடைக்காரர்.

தகர ஷீட் வைத்து அந்த மேடை மேல் ஒரு அறை எழுப்பினார்கள். கழிவறைக்குச் சுவரைத் தொட்டுக்கொண்டே போகலாம். மனைவி முற்றம் பெருக்கினாள், அந்தச் சம்பளத்தில் பாதி தரைக் கடனுக்காகப் பெயின்ட் கடைக்காரருக்குப் போனது. மீதியில் சாப்பாடு, முழங்காலுக்குத் தைலம். வெயில் காலத்தில் தகடு சுடும், மழைக்காலத்தில் துருப்பிடித்த தண்ணீர் பாய்க்கு அடியில் வரும். மாதக் கடைசியில் அவள் ஒருவேளைதான் சாப்பிட்டாள், கேட்டால் பசிக்கவில்லை என்பாள். ஞாயிற்றுக்கிழமை மகன் வருவான், லிஃப்ட் இன்னும் வரவில்லை என்பான். வீடு பார்க்கிறவர்கள் விஷயம் கேள்விப்பட்டு அங்கேயும் வந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், எங்கள் கடைசிக் காலத்துக்கு எப்படி வீடு பார்க்கலாம் என்று கேட்பார்கள். பீரோ படி, கழிவறை, மருந்துக்கடை என்று ஆரம்பிப்பார். "எல்லாம் சரி, தனித்தனியாப் பிரிச்சு வைக்க விட்றாதீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். எடையும் வந்துகொண்டே இருந்தது. காலையில் மற்ற வீடுகளில் தேதி கிழிக்கிற மாதிரி அவள் வட்ட முகத்தைப் பார்ப்பாள், இன்னைக்கு என்ன என்பாள், அவர் தோளைத் தடவிச் சொல்வார். ஏழு டன் தாண்டியது. எட்டை நெருங்கியது.

மூன்றாவது வருஷம் அந்தப் பாதிச் சம்பளமும் இரண்டு மாதம் போகவில்லை. பெயின்ட் கடைக்காரர் நேரிலேயே வந்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது, மூட்டுக்கு உறை மாட்டியிருந்தார். மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து நீட்டினாள். அவர் அதை வாங்காமல் வட்ட முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்கம்மா கட்டில் இதுல வந்துருச்சா?"

"வந்துருச்சு முதலாளி."

"எப்ப?"

"உங்க வீட்டுத் தரை ரெண்டாவது வாட்டி உடைஞ்சுதே, அன்னைக்கு."

பெயின்ட் கடைக்காரர் தகட்டின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். அந்தக் கட்டிலை மாடிக்கு ஏற்றிய நாளில் பீரோ கூலி வாங்கவில்லை. தான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரரோட அம்மா, கூலி வேண்டாம் என்றிருந்தார். கீழே இருக்கிற அறையிலேயே அம்மாவை வைக்கச் சொல்லி அன்றைக்கு நாலு வார்த்தையும் சொன்னார். கீழ் அறை பெயின்ட் டப்பா அடுக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்கவில்லை. அம்மா அதற்கப்புறம் தெருவைப் பார்க்கவே இல்லை.

"அம்மா அதுல படுத்திருந்தாங்கல்ல, தூக்கும்போது."

"ஆமா. இறங்க மாட்டேன்னாங்க. அவங்களோடதான் தூக்கினோம். தலைமாட்டுல நான்."

"ரொம்பக் கனமா?"

"கட்டில் கனம். அம்மா ஒண்ணும் கனமில்ல."

பெயின்ட் கடைக்காரர் எடையும் சேர்ந்து முள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கும்போது பீரோவின் மனைவி கையைக் கொடுத்தாள். இனிமேல் ஒண்ணும் அனுப்ப வேண்டாம், முடிஞ்சுபோச்சு என்று சொல்லிவிட்டு, அவள் நீட்டியதை அவள் கையிலேயே மடக்கி வைத்துவிட்டுப் போனார்.

கடன் தள்ளுபடியானதால் எடை ஒன்றும் குறைந்துவிடவில்லை. அன்று சாயங்காலம் முள் இன்னும் ஒரு நூலிழை ஏறியது. பீரோ தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரோ ஒருத்தரோட மேசை ஃபேன் என்றார். சின்னச் சாமான்தானே, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மனைவி இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.