கேன்டீன் உரலில் பிறந்த காந்தம்

உத்தமபாளையத்திலிருந்து தேனி வரைக்கும் முத்துராஜாவுக்குப் பேனர் வைத்திருந்தார்கள். 'நானோ நாயகன்' என்று போட்டு, சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி கல்லூரிப் பேராசிரியர் சிரிக்கிறார். குழாயில் இருந்தது ரோஸ்மில்க். படம் எடுத்தபோது பக்கத்தில் நின்ற மகிமாவுக்கு அது தெரியும். மூன்று வருஷமாக அவரிடம் ஆராய்ச்சி செய்கிறவள் அவள்.

துத்தநாக ஆக்சைடில் துளிக் கோபால்ட் கலந்து, கண்ணுக்குத் தெரியாத பொடிசாக நானோ துகள் செய்வது அவர்கள் வேலை. அந்தத் துகள் சாதாரண அறைச் சூட்டில் காந்தமாக நின்றுவிட்டால், எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் சுழற்சியையும் வேலை வாங்குகிற ஸ்பின்ட்ரானிக் சிப்பு செய்யலாம். மகிமா செய்த எந்தத் துகளும் காந்தமாகவில்லை. ஆகவில்லை என்பதையே ஒளிக்காமல் தீசிஸாக எழுதினாள்.

"இல்லைங்கிறதுக்கு எவன் ஆத்தா டாக்டர் பட்டம் குடுப்பான்?" என்று சொல்லி, முத்துராஜா கையெழுத்துப் போடாமல் அதை மேசைக்கடியில் போட்டு வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் ஆயுத பூஜையன்று தானே ஒரு துகளைச் செய்தார். அது காந்தத்தைக் கண்டதும் துள்ளி வந்து ஒட்டியது. எப்படி வந்தது என்று மகிமா கேட்டபோது மனுஷர் பெருமையாகவே சொன்னார். ஆய்வகத்துத் தராசு, உலை, பொடி அரைக்கிற அகேட் கல் உரல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப அன்றைக்கே கடைசி. அதனால் முந்தின நாள் உலையில் வெந்த பொடியைக் கேன்டீனுக்குக் கொண்டுபோய், டீக்கு இஞ்சி ஏலக்காய் தட்டுகிற இரும்பு உரலில் போட்டு இடித்துவிட்டார். அந்த உரலுக்கு யாரும் பொட்டு வைத்திருக்கவில்லையாம். சாமி குத்தம் வராமல் பார்த்துக்கொண்ட தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

சாமிக்குப் பயந்த மனுஷருக்கு உரலிலிருந்து உதிர்ந்து பொடியில் கலக்கிற இரும்புத்தூளைப் பற்றி ஒரு பயமும் இல்லை. படித்த படிப்பெல்லாம் அந்த உரலோடு சேர்ந்து இடிபட்டுப் போயிருந்தது. மகிமா அதே உரலில் கல் உப்பைப் போட்டு இடித்து, அவர் முன்னால் வைத்துக் காந்தத்தைக் காட்டினாள். கரும்புள்ளிகள் உப்பையும் இழுத்துக்கொண்டு எழுந்தன.

முத்துராஜா கதவைச் சாத்தினார்.

"இத வெளிய சொல்லிறாத. பாராட்டு விழா முடியட்டும், மறுநாளே உன் தீசிஸ்ல கையெழுத்து. வாயத் தொறந்தா அது இங்கனயே கெடந்து செல்லரிக்கும்."

தன் மூன்று வருஷத்துக்கு இந்த ஆள் விலை வைத்துவிட்டானே என்று மகிமாவுக்கு ஆத்திரமாக வந்தது.

விழாவில் தாளாளர் தங்கப்பாண்டி பொன்னாடை போர்த்தினார். ஸ்பின்ட்ரானிக் என்ற சொல் அவர் வாயில் மூன்று விதமாக வந்தது, மூன்றுக்கும் கைதட்டினார்கள். மதுரையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் அனுசுயா, இந்தத் துறையில் ஊறிய பேராசிரியர், நேரில் பார்க்க ஆசைப்பட்டார். துகளைக் கொண்டுவரும்படி மகிமாவிடம் சொன்னார்கள். அவள் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பேச்சு மும்முரத்தில் முத்துராஜா தட்டைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காந்தத்தை நீட்டினார், ஒட்டியது. அரங்கம் அதிர்ந்தது.

"கோபால்ட் கலந்தா பச்சையா இருக்கணுமே?" என்றார் அனுசுயா.

"இது உப்பு மேடம். சார் பொடிய இடிச்ச அதே கேன்டீன் உரல்ல நான் இடிச்சது."

முத்துராஜா அப்போதுதான் குனிந்தார். வேர்த்துவிட்டது. ஆனாலும் சிரித்தார்.

"புள்ள பதட்டத்துல உளறுது. இது எங்க துகள்தான் மேடம். விஷம், தொட்டுறாதீக."

மகிமா ஒரு சிட்டிகை எடுத்து எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டாள்.

கைதட்டிய கூட்டம் வாயைப் பிளந்தது. அனுசுயா எழுந்து வந்து தானும் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தார். முத்துராஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

இனி அந்தக் கையெழுத்து விழாது என்று மகிமாவுக்குத் தெரியும். வாயெல்லாம் கரித்தது. உப்பைத் தின்றவள் அவள்தான். ஆனால் பொன்னாடை நழுவ, மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று குடித்தவர் முத்துராஜா.