மூழ்காத கால் விரல்

இரண்டாவது முறையும் பிரின்லியின் கால் விரல் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டது.

“மறுபடியும்,” என்றார் ஆர்வல், சொந்தப் பேத்தி என்றும் பாராமல். லோகன் ஊர் மார்மன் சபைக்கூடத்தில், ஞானஸ்நானத் தொட்டிக்கு இந்தப் பக்கம் அவர் சாட்சி. அந்தப் பக்கம் பிள்ளையின் பெரியம்மா மார்லிஸ். ஒரு முடிகூட விடாமல் முழுகியதை இரண்டு பேரும் பார்த்துச் சொன்னால்தான் செல்லும். போன கோடையில் ஏரியில் படகு கவிழ்ந்ததிலிருந்து எட்டு வயது பிரின்லிக்குத் தண்ணீர் என்றாலே குலைநடுக்கம். இடுப்பளவுத் தண்ணீரில் அவளைப் பிடித்தபடி அப்பா கெண்டல் திருதிருவென்று விழித்தான்.

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “புள்ள நடுங்குறது தெரியலையா மாமா? இயேசு நமக்காக உயிரையே குடுத்தாரே, அதுதான் நற்செய்தி. கால் விரலைப் பிடிச்சுத் தொங்குறது இல்ல.”

“அவர் குடுத்ததை வாங்கிக்கிற வழிதாம்மா இது. அவரே ஆத்துல முங்கித்தானே எழுந்தார்? அரைகுறையா செஞ்சுட்டு நற்செய்தின்னு பேர் வைக்காதே.”

நாற்காலிகளில் இருந்த சபையார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

கெண்டல் வலது கையை உயர்த்தி மறுபடி ஜெபத்தைச் சொல்லி, மகளைச் சாய்த்தான். அவள் உதறினாள். மார்லிஸின் பக்கம் விரல் பளிச்சென்று வெளியே வந்து போனது. ஆர்வலுக்கு மகனின் முதுகு மறைத்தது.

“உன் பக்கம் எப்படிம்மா?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் மார்லிஸ். பிள்ளையின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தாள். “முழுசா முங்கிட்டா மாமா.”

ஆர்வல் தலையசைத்தார். சனம் பாட்டுப் புத்தகத்தைத் தேடத் தொடங்கியது. பிரின்லி மட்டும் தொட்டிப் படியில் நின்றுவிட்டாள்.

“பெரியம்மா, விரல் வெளிய வந்துச்சு. எனக்கே சில்லுன்னு இருந்துச்சே.”

“அதனால என்னடா கண்ணு? இயேசு உன்னை ஏத்துக்கிட்டார்.”

“அப்ப அதையே தாத்தாகிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஏன் பொய் சொன்னீங்க?”

மார்லிஸுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. தான் உயிராக நம்புவதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அல்லவா பொய்யைச் சொல்லியிருக்கிறாள்!

“அப்பா, இன்னொரு வாட்டி,” என்று பல் கிட்டிக்க, பிரின்லி தானாகவே தண்ணீரில் இறங்கினாள். “மூக்கை நல்லாப் பொத்துங்க.”

மார்லிஸ் தொட்டியை விட்டு விலகினாள்.

“இங்க வேற யாரையாவது நிக்க வைங்க மாமா. என் சாட்சி இனிமே செல்லாது.”