எதிரே வருகிறவருக்கும் கண் உண்டு

வெளிச்சம் போதவில்லை என்று என் பட்டறைக்கு வருகிற லாரி ஓட்டுநர்களில் எவனும் எதிரே வருகிறவருக்கும் இரண்டு கண் உண்டு என்று நினைத்துப் பார்த்தவனில்லை. "சும்மா பளிச்சுனு இருக்கணும்" என்பான். எவ்வளவு பளிச்சென்று என்று கேட்டால், "எதிர்ல வர்றவன் ஒதுங்கிப் போகணும்" என்பான். சொல்லிவிட்டு, நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்ப்பான். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வேறு கடை பார்த்துக்கொள் என்று வாசலைக் காட்டுவேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் எனக்கு இரண்டு பட்டறை இருந்திருக்கும் என்று என் தங்கை சொல்வாள்.

பழைய லாரியின் விளக்குக் கிண்ணம் மஞ்சள் பல்புக்காகச் செய்தது. அதற்குள் வெள்ளை எல்.ஈ.டி. பல்பைத் திணித்தால் வெளிச்சம் ரோட்டில் விழாது. மரத்தில் விழும், வானத்தில் விழும், எதிரே வருகிறவர் மூஞ்சியில் விழும். மெயின் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் இந்த அக்கிரமத்தைத்தான் ஐந்து நிமிடத்தில் செய்து, கைகுலுக்கி அனுப்புகிறார். நான் அப்படிச் செய்வதில்லை. கிண்ணத்தோடு கழற்றி எறிந்துவிட்டு, லென்ஸ் வைத்த புது விளக்கை முழுதாக மாட்டுவேன். அந்த விளக்கின் வெளிச்சத்துக்கு மேல்விளிம்பு உண்டு. கோட்டுக்குக் கீழே பட்டப்பகல், கோட்டுக்கு மேலே இருட்டு.

அந்தக் கோட்டை எங்கே நிறுத்துவது என்பதில்தான் வேலை இருக்கிறது. என் பட்டறையில் தரையை மட்டம் பார்த்து சிமென்ட் பூசியிருக்கிறேன். சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி லாரியை நிறுத்துவேன். விளக்கின் உயரத்தை அளந்து, சுவரில் அதைவிட மூன்று விரற்கடை கீழே சாக்பீஸால் கோடு போடுவேன். விளக்கின் பின்னால் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வெளிச்சத்தின் விளிம்பு அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்ததும் திருகின் தலையில் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு. எவனாவது பிறகு கை வைத்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எட்டு மாதத்தில் முப்பத்தேழு குவாரி லாரிகளுக்கு இப்படிச் செய்திருக்கிறேன். நான் பிடித்த மட்டம் தப்பாது என்று குவாரிப் பக்கம் ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்றாலும், பேச்சு பேச்சுதான்.

என் தங்கைக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுகிறவள். போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் குவாரி ரோடு வழியாக வந்திருக்கிறாள். எதிரே ஒரு லாரி. கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடித்ததும் ரோடு காணாமல் போய்விட்டது. ஸ்கூட்டர் ஓரத்து வாய்க்காலில் இறங்கி, அவள் கணுக்கால் மேல் விழுந்தது. லாரி நிற்கவில்லை. எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகு போட்டார்கள். மூன்று மாதம் காலைக் கீழே ஊன்றக் கூடாது, அதற்குப் பிறகு நடை பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அவளுக்கு முப்பத்தொரு வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உதிரிபாகக் கடைக்குப் போனேன். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"உன் பல்புதான்யா என் தங்கச்சி கால உடைச்சது" என்றேன்.

அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் ஒருநாளும் 'யோவ்' என்று கூப்பிட்டதில்லை.

"எந்த வண்டின்னு பாத்தியா தம்பி?" என்றார்.

"எந்த வண்டியா இருந்தா என்ன. இந்தப் பக்கம் கண்ட பல்ப கண்ட வண்டில சொருகுற ஆளு நீ ஒருத்தன்தான்."

"உக்காரு. தண்ணி குடி. அப்புறம் பேசலாம்."

உட்காரச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. மேசை மேல் அடுக்கியிருந்த பல்புப் பெட்டிகளை ஒரே தள்ளாகத் தள்ளி ரோட்டில் சிதறடித்தேன். கூட்டம் கூடியது. கூட்டத்தின் முன்னால் அவரைக் கொலைகாரன் என்றேன். அவர் குனிந்து பெட்டிகளைப் பொறுக்கினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஐந்தாம் நாள் தங்கையை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தவளிடம், உனக்காக நான் என்ன செய்தேன் தெரியுமா என்று கடைக்காரர் கதையைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

"அவர் போடுற லைட்டு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"கன்னாபின்னான்னு சிதறும். மேல, கீழ, பக்கத்துல, எல்லா எடத்துலயும் அடிக்கும்."

"அப்ப அது இல்லண்ணா."

"எது இல்ல?"

"நான் பாத்தது சிதறல. ரோட்டோரத்து மரத்துல ஒரு உயரம் வரைக்கும் வெள்ளையா இருந்துச்சு. அதுக்கு மேல இருட்டு. கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு என் தலைக்கு மேல இருந்துச்சு."

"தூரத்துக்கு அடிக்கிற ஹை பீம் போட்டிருப்பான்."

"ஹை பீமுக்குக் கோடு இருக்குமா?"

இருக்காது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"என்னப் பாத்துட்டு பிரேக் போட்டான்" என்றாள். "லாரி முன்னால குனிஞ்சுது. குனிஞ்சதும் வெளிச்சம் என் கழுத்துக்குக் கீழ எறங்குச்சு. ரோடு நல்லா தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள நான் வாய்க்கால் ஓரத்துக்குப் போயிட்டேன்."

"விழுந்த பயத்துல நீ என்னத்தப் பாத்த" என்று கத்தினேன். காலுடைந்து கிடப்பவளிடம் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "எனக்குக் கண்ணு கூசுச்சு. கண்ணு போகல" என்றாள்.

கோபத்தோடு வெளியே வந்தேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கோடு விழுகிற விளக்கு மாட்டுகிறவன் நான் ஒருவன்தான். அப்படியென்றால் எவனோ ஓட்டுநர் என் திருகில் கை வைத்திருக்கிறான். இன்னும் தூரம் தெரிய வேண்டும் என்று மேலே ஏற்றியிருக்கிறான். பொட்டு உடைந்த வண்டி எதுவோ அதுதான் என் தங்கையைத் தள்ளிய வண்டி. அவனைச் சும்மா விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் குவாரி கேட்டில் போய் நின்றேன்.

வருகிற லாரியையெல்லாம் நிறுத்தி, பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, ஆறு, ஒன்பது. எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு வைத்தபடியே இருந்தது. பத்தாவதாகக் கல் ஏற்றிக்கொண்டு வந்தவன் கொட்டாவி. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாலே வாயைப் பிளக்கிறவன் என்பதால் அந்தப் பெயர். லாரி ஓட்டுகிறவனுக்கு இதைவிட மோசமான பட்டப்பெயர் கிடைக்காது.

"என்னண்ணே, காலையிலயே செக்கிங்கா?" என்றான். "நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. எதிர்ல வர்றவன் எல்லாம் லைட்ட இறக்கு இறக்குன்னு டிப் அடிச்சுக் காட்டுறான். நான் லைட்ட எறக்கி டிப்புலதான் வரேன். இதுக்கு மேல எங்க எறக்குறது?"

"எப்பவுமேவா?"

"இல்ல. லோடு ஏத்தி வரும்போது மட்டும். காலியா போனா ஒரு பய அடிக்க மாட்டான்."

திறந்திருந்த பானெட்டை ஓங்கிச் சாத்தினேன். அந்த ஆத்திரத்தையும் அவன் மேல்தான் காட்டினேன்.

"இத என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னேனே. மூணு மாசம் முன்னாடி பட்டறைக்கே வந்து சொன்னேன். 'நல்ல வெளிச்சத்தப் பாத்தா அவனுங்களுக்கு வயித்தெரிச்சல், நீ போ'ன்னு நீங்கதான் அனுப்பிவிட்டீங்க."

சொல்லியிருப்பேன். சொன்ன ஞாபகம்கூட வந்தது. அவன் தலை மறையும் முன்பே அடுத்த வேலைக்குக் குனிந்திருந்தேன்.

லோடோடு பட்டறைக்கு வா என்றேன். முதலாளி திட்டுவார் என்றான். நான் பேசிக்கொள்கிறேன் என்று அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பட்டறையில் ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, இருபத்தைந்து அடியில் நிறுத்தி, விளக்கைப் போடச் சொன்னேன். சுவரில் நான் அளந்து போட்ட சாக்பீஸ் கோடு ஓர் இடத்தில். வெளிச்சத்தின் விளிம்பு அதற்கு ஒரு சாண் மேலே.

பின்பக்கம் பாரம் ஏறினால் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கும். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும். சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் லோடு ஏற்றிய லாரி எதுவும் பட்டறைப் பக்கம் வராது. அதற்கு இறக்குகிற இடத்துக்குப் போகிற அவசரம். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் ரிப்பேர், காற்று, விளக்கு எல்லாம். நான் தொழில் பழகிய நாளிலிருந்து எல்லோரும் காலி வண்டியில்தான் மட்டம் பிடிக்கிறோம். மஞ்சள் பல்புக்கு அது பரவாயில்லை. அது மேலே ஏறினாலும் யாருக்கும் பெரிதாக உறைக்காது. நான் மாட்டியது அதைப்போல் நான்கு மடங்கு. அதோடு, சிதறாமல் ஒரே இடத்தில் குவிகிற வெளிச்சம். இருபத்தைந்து அடியில் ஒரு சாண் ஏறினால் நூறு அடியில் எங்கே போகும்? ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கண்ணுக்குப் போகும். முப்பத்தேழு வண்டியிலும் அவ்வளவு சுத்தமாக, பொட்டு வைத்துப் பூட்டி அனுப்பியிருக்கிறேன்.

கொட்டாவியின் விளக்கு கோட்டுக்கு இறங்க, ஒவ்வொரு பக்கமும் திருகை நாலு சுற்று திருப்ப வேண்டியிருந்தது. அவன் போன பிறகு ஸ்குரூடிரைவரைச் சுவரில் விட்டெறிந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. திட்ட வேண்டிய ஆளைத் தவிர எல்லோரையும் ஏற்கெனவே திட்டி முடித்திருந்தேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பட்டறையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கை முன்னால் போய் நின்றபோது மணி நாலரை. அவள் காலைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

"அது எவன் வண்டின்னு தெரியல. எதுவா இருந்தாலும் நான் மாட்டின லைட்டுதான். லோடு ஏத்தினா தூக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. வந்து சொன்னவனையும் விரட்டிட்டேன்."

அவள் கண்ணில் நீர் நின்றது. அழுகிறாள் என்று நினைத்தேன். அது கோபம். என் வீட்டில் அந்தக் கோபம் எனக்கு மட்டும்தான் உண்டு என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

"எத்தன வண்டி?"

"முப்பத்தேழு."

"எத்தன சரி பண்ணியிருக்க?"

"ஒன்னு. நாலு சுத்து திருப்பினதும் எறங்கிடுச்சு."

"மணி என்ன ஆகுது?"

சொன்னேன்.

"ஆறரைக்கு இருட்டிடும்" என்றாள். "நீ இங்க வந்து நிக்கிற."

"ஒவ்வொன்னா லோடோட பட்டறைக்கு வரவெச்சு, சுவருக்கு முன்னால நிறுத்தி, அளந்து…"

"நாலு சுத்துன்னு சொன்னல்ல. கேட்ல நின்னு அந்த நாலு சுத்த திருப்ப முடியாதா?"

"திருப்பலாம். ஆனா வண்டிக்கு வண்டி பாரம் வேற, பட்டை வேற. சுவரில்லாம கோடு சரியா வராது. அப்புறம் காலி வண்டில தூரமே தெரியலன்னு திட்டுவானுங்க. இதா நீங்க பாத்த வேலைன்னு கேப்பானுங்க."

இதைச் சொன்ன வாயை அவள் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முழங்கையை ஊன்றி எழ முயன்றாள். கால் அசைந்து வலி பிடுங்கியிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தாள்.

"சரியா வர வேணாம்ணா" என்றாள். "கீழ வந்தா போதும்."

மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் தலையணையை எடுத்து எறிந்திருப்பாள். செருப்பை மாட்டினேன்.

"அந்தக் கடைக்காரர் வாசலத் தாண்டித்தான போவ" என்றாள் பின்னாலிருந்து. "அவர்கிட்டயும் ரெண்டு ஸ்குரூடிரைவர் இருக்கும். கூட வரச் சொல்லிக் கேளு."

"அவர் எப்படி வருவார்?"

"வர மாட்டாரு. இருந்தாலும் கேளு."