பெஞ்சு டெண்டர்

கான்ட்ராக்டர் வைத்த மலர்வளையம் அப்பாவின் கால்களையே மறைத்துவிட்டது. அத்தனை பெரிசு. வைத்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார், நாற்காலிக்குச் சொன்னார், வண்டிக்குச் சொன்னார். கீழே இருந்த அப்பாவின் ஆபீஸைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு அங்க ஒரு வேலையும் நடக்கக் கூடாதும்மா. அதுதான் அவருக்கு மரியாதை."

மகளுக்கு அவர் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. சின்னப் பட்டறைக்காரர்களுக்கு அரசாங்க டெண்டர் எழுதிக் கொடுப்பதுதான் அப்பாவின் பிழைப்பு. போன வருஷம் இந்த மனுஷன், அப்பாவிடம் வரும் தச்சர் ஒருவருக்கு சப் கான்ட்ராக்ட் தருவதாக எழுதிக் காட்டித்தான் பள்ளிக்கூட அலமாரி வேலையைப் பிடித்தார். பிடித்ததும் தச்சரைக் கழற்றிவிட்டு, வேலையைத் தன் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தார். அன்றைக்கு அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. "அடுத்தது உன் பேர்லயே போடறோம்யா, ஒரு கை பாத்துடலாம்" என்று தச்சரிடம் சொன்னார்.

அந்தத் தச்சர் இப்போது வாசலிலேயே நின்றார். முழங்கையில் மரத்தூள் அப்படியே இருந்தது.

"உள்ள வாங்கண்ணே."

"இருக்கட்டும்மா."

அவர் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ச் சட்டென்று தரைக்கு இறங்கியது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூட பெஞ்சு டெண்டர்! இன்றைக்கு மூன்று மணியோடு சரி. எல்லாம் தயார், கையெழுத்துப் போட்டு அனுப்புவதுதான் பாக்கி என்று அப்பா நேற்றுகூடச் சொன்னாரே.

"ஏண்ணே வாயைத் திறக்கலை?"

"சாவு வீட்ல அதை எந்த வாயால கேப்பேன்?"

அவள் நேரே கான்ட்ராக்டர் முன்னால் போய் நின்றாள்.

"பெஞ்சு டெண்டர்ல நீங்களும் போட்டிருக்கீங்களா?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"போட்டீங்களா, இல்லையா?"

அவர் கைக்குட்டையை மடித்தார். சித்தப்பா எழுந்து வந்தார்.

"என்ன பேச்சு இது, பொணத்தை வச்சுக்கிட்டு?"

"அதைத்தான் சித்தப்பா நானும் கேக்கறேன். பொணத்தை வச்சுக்கிட்டு இவர் டெண்டர் எடுக்கப் பாக்குறாரு. மரியாதையாம், மரியாதை! சாவியைக் குடுங்க!"

கூடமே அவரைப் பார்த்தது. சாவி வந்தது.

தச்சரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென் டிரைவ் எங்கே? அது இல்லாமல் டெண்டர் போகாது. அவரவர் கையெழுத்து அவரவரிடம் இருக்க வேண்டும் என்று அப்பா தலைதலையாய் அடித்துக்கொள்வார். யார் கேட்டார்கள்? 'உங்ககிட்டயே இருக்கட்டுமே' என்று எல்லோரும் அவர் தலையில்தான் கட்டுவார்கள்.

காலையிலிருந்து வாயே திறக்காத அம்மா, மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் அது அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது.

"சட்டையை மாத்தும்போது பாக்கெட்ல இருந்துச்சு. போ."

ஆபீஸில் அப்பாவின் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் நின்றபடியே கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவரோடு உட்கார்ந்து பழகிய வேலைதான். பென் டிரைவைச் செருகினாள். கூடவே வந்த தச்சர் தன் ரகசிய எண்ணை ஒற்றை விரலால் அடித்தார். டெண்டர் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. வண்டி வந்துவிட்டதென்று மேலேயிருந்து கூப்பிட்டார்கள்.

தூக்குவதற்கு மலர்வளையம் இடைஞ்சலாக இருந்தது. தச்சர் அதை இரு கையாலும் எடுத்து, கான்ட்ராக்டரின் கையிலேயே கொடுத்துவிட்டு, குனிந்து தோள் கொடுத்தார்.