துரை வீட்டுக் கதவு

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. எங்கள் தீவில், ரோஸ் ஹில் கோயிலில் பிரசாத வரிசையில் நின்றிருந்தோம். “சேன் பியேர் ஊரில் ஒருத்தி துரை வீட்டுக் கக்கூஸ் கதவுக்குக் குங்குமம் வைத்திருக்கிறாளாம்” என்றார் ஒருவர். வரிசையே சிரித்தது. எனக்கு உடம்பு எரிந்தது. பிரசாதம் ஏந்திய கையோடு சண்டை போடக் கூடாது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

“1960ஆம் ஆண்டுப் புயல் கரும்பைச் சாய்த்து, கூரைகளைப் பிடுங்கி, மனித மனங்களை...”

வேண்டாம். இப்படி அழகாக எழுதினால் பழி முழுவதும் புயலுக்கே போய்விடும்.

நேராகச் சொல்கிறேன். புயல் பாக்கியத்தின் குடிசைக் கதவைக் கொண்டுபோயிற்று. உள்ளே அவளுடைய கைக்குழந்தை, ஓயாத இருமல். தோட்டத்துரை தன் வீட்டைப் புதுப்பித்து, பழைய பலகைகளைக் கரும்புக் காட்டோரம் கொட்டச் செய்தார். பாக்கியம் அதிலிருந்து ஒரு கதவை இழுத்துவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வாசலில் மாட்டி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். புது வாசலுக்கு நாம் எல்லோரும் செய்வதுதான். அது எந்த அறையின் கதவென்று அவளுக்குத் தெரியாது.

துரை காதுக்குச் செய்தி எட்டியது. கொட்டினாலும் தோட்டத்துச் சொத்துதானாம். பிடுங்கிவந்து எரிக்கச் சொன்னார்.

எரிக்க! (இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.)

3

கூலிகளிடம் வேலை வாங்கும் சர்தார் ஐயாசாமி வந்தார். அவர்கள் பேசியது தீவின் கிரியோல் மொழி, தமிழாக்கியது நான்.

“கழற்று பாக்கியம். இது துரையோட கக்கூஸ் கதவு.”

அவள் குங்குமத்தைப் பார்த்தாள். முகம் சுண்டியது. “தேய்ச்சுக் கழுவிட்டேன், அண்ணே.”

“கழுவினா கோயில் கதவாயிடுமா?”

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஷான்தால் கேட்டாள்: “ஏன் சர்தார், உங்க துரை கதவு மேலேயா உட்கார்ந்தாரு?”

“பிள்ளைக்குக் காத்து ஆகாது, அண்ணே. அவ்வளவுதான்” என்றாள் பாக்கியம்.

முதல் பிரதியில் ஐயாசாமியைக் கொடியவராக எழுதியிருந்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். சொன்னதைச் செய்யாவிட்டால் அவர் வேலை போய்விடும். ஆனால் கூலி வீடுகளில் பூட்ஸோடு நுழைகிற அந்த மனிதர், மஞ்சள் பூசிய வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். அதை நான் எழுதவில்லை, அவராகவே கழற்றினார்.

4

முதல் முடிவு: கதவு எரிகிறது. அதன்பின் குழந்தை... எழுத மாட்டேன்.

இரண்டாவது: துரை மனம் திருந்துகிறார். முருகனே நம்பமாட்டார்.

மூன்றாவது: ஷான்தால் தன் கோழிக்கூட்டுக் கதவைப் பிடுங்கி நீட்டுகிறாள். “இதைக் கொண்டுபோய் எரி. எரிஞ்சப்புறம் எல்லாக் கதவும் சாம்பல்தான்.”

ஐயாசாமியின் ஒரு கை குங்குமத்தருகில் இருக்கிறது; மறு கை கோழிக்கூட்டுக் கதவை வாங்க இன்னும் நீளவில்லை.

வரிசையில் நின்று சிரித்தவர்களே, இதை நீங்களே முடியுங்கள். சீக்கிரம். கதவு பாதி கழன்றிருக்கிறது. உள்ளே குழந்தை இருமுகிறது.